ஆளுக்கேற்ற அளவு, களத்துக்கேற்ற கணக்கு
(கோல்ஃப் ஆட்டத்தின் ஹேண்டிகேப் முறை பற்றி ஒரு கட்டுரை)

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

முன்னுரை

தெருவில் பிள்ளைகள் கூடி ஆடும்போது, பெரிய பிள்ளைகளுக்கு ஈடுகொடுக்க முடியாத ஒரு சின்னப் பிள்ளை அழுதால் அதையும் சேர்த்துக்கொள்வார்கள். அது அவுட் ஆனாலும் கணக்கில்லை. ஓட்டம் எடுத்தாலும் கணக்கில்லை. 'ஒப்புக்குச் சப்பாணி' என்று அதற்குப் பெயர். இந்த ஏற்பாட்டில் இரக்கம் உண்டு, மதிப்பு இல்லை. வலியவரும் எளியவரும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து நிற்க உலகம் பெரும்பாலும் கண்டிருக்கும் வழி இதுதான்.

இதைவிட நல்ல வழி உண்டா? எளியவரின் எண்ணையும் உண்மையான எண்ணாகவே மதித்து, அவரை வலியவரோடு நேருக்கு நேர் நிறுத்த முடியுமா? முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது ஓர் ஆட்டம். அதுவே கோல்ஃப். அந்தக் கணக்கின் பெயர் ஹேண்டிகேப்.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் எங்களுக்குக் கோல்ஃப் என்பது தொலைக்காட்சியில் தோன்றி மறையும் பச்சைப் புல்வெளிதான். 'பணக்காரர் ஆட்டம்' என்று ஒரே சொல்லில் பேசி முடித்துவிடுவோம். அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் ஆட்டம் யாருடையதாயினும், அதற்குள் இருக்கும் கணக்கு எல்லோருக்கும் பொதுவானது. தேர்வு எழுதும் மாணவர்களும் மதிப்பெண் வழங்கும் பேராசிரியர்களும் எண்ணிப் பார்க்கத் தக்க நீதி ஒன்று அதில் இருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டமும் களமும்

கோல்ஃப் ஸ்காட்லாந்து நாட்டில் வளர்ந்த ஆட்டம். 1457ஆம் ஆண்டிலேயே, வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறாக இருக்கிறது என்று அந்நாட்டு மன்றம் இதற்குத் தடை விதித்தது. தடை போனது, ஆட்டம் நின்றது. செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் 1764இல் 22 குழிகளாக இருந்த சுற்று 18 ஆக மாற்றப்பட்டது. இன்று உலகெங்கும் ஒரு முழுச் சுற்று என்றால் 18 குழிகளே.

ஆட்ட விதி எளிது. ஒரு மேடையிலிருந்து பந்தை அடிக்கத் தொடங்கி, தொலைவில் உள்ள 4.25 அங்குல அகலமுள்ள குழிக்குள் அதைச் சேர்க்க வேண்டும். எத்தனை அடியில் சேர்த்தார் என்பதே எண்ணிக்கை. குறைவாக அடித்தவரே வென்றவர். ஒரு சுற்றுக்கு 14 மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது. நம் கிட்டிப்புள் ஆட்டத்தைப்போல இதிலும் கோலும் கையும் கண்ணுமே முதல். ஆனால் எதிராளி நம் பந்தைத் தடுக்கவோ பிடிக்கவோ வரமாட்டார். குளம், மணற்பள்ளம், மரம், காற்று ஆகியவைதான் எதிரிகள். சுருங்கச் சொன்னால், இங்கே மனிதர் மோதுவது களத்தோடு.

ஒவ்வொரு குழிக்கும் 'பார்' என்று ஓர் எண் உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர் எத்தனை அடியில் அக்குழியை முடிக்க வேண்டும் என்பதை அது காட்டும். தூரத்தைப் பொறுத்து அது 3, 4 அல்லது 5 ஆக இருக்கும். 18 குழிகளுக்கும் சேர்த்து 70 முதல் 72 வரை இருப்பது வழக்கம். பாரைவிட ஓர் அடி குறைவாக முடித்தால் பர்டி; இரண்டு குறைந்தால் ஈகிள். ஓர் அடி கூடினால் போகி. நம் போகிப் பண்டிகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆங்கிலேயர் குழந்தைகளுக்குக் காட்டும் பூச்சாண்டியின் பெயர் அது. களத்தின் சரியான எண்ணைப் பிடிக்க முடியாமல் ஓடிய ஆட்டக்காரர்கள் 1890 வாக்கில் அதற்குப் பூச்சாண்டி என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் பாருக்கு ஒன்று கூடிய எண்ணுக்கு அப்பெயர் நிலைத்தது.

நம் நாட்டில் கோல்ஃப்

ஆங்கிலேயர் கப்பலில் வந்த ஆட்டம் இது. 1829இல் கல்கத்தாவில் ஒரு கோல்ஃப் கழகம் தோன்றியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே பழமையான கழகம் என்ற பெருமை அதற்கு உண்டு. தமிழகத்தில் உதகமண்டலத்திலும், 1895இல் கோடைக்கானலிலும் மலைக்களங்கள் அமைந்தன. சென்னையில் காஸ்மாபாலிட்டன் கிளப்பின் களம் நந்தனத்தில் இருக்கிறது. கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்திலும் ஒரு களம் உண்டு.

சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலின் நடுவே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் களம் நெடுங்காலம் இருந்துவந்தது. 2024 செப்டம்பரில் அந்தப் பந்தயத் திடலின் குத்தகையைத் தமிழக அரசு ரத்து செய்தது. நம் கட்டுரைக்கு இந்த இடம் ஒரு காரணத்தால் முக்கியமானது. பந்தயத்தில் வேகமான குதிரைக்கு அதிகச் சுமையும் மெதுவான குதிரைக்குக் குறைந்த சுமையும் ஏற்றி ஓடவிடுவது வழக்கம். அதற்கும் ஹேண்டிகேப் என்றே பெயர். ஆகவே சுற்றிலும் குதிரைக்கு ஹேண்டிகேப், நடுவில் மனிதருக்கு ஹேண்டிகேப் என்று ஒரே திடலில் இரண்டும் நடந்திருக்கின்றன.

சொல் வந்த வழி

நம் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பலரும் கண்டிருப்போம். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் கிட்டத்தட்ட இதுபோல ஒரு பழக்கம் இருந்தது. இருவர் தங்கள் பொருள்களை மாற்றிக்கொள்ள விரும்பினால் நடுவர் ஒருவர், 'உன் பொருளைவிட அவன் பொருள் இவ்வளவு உயர்ந்தது. இவ்வளவு சேர்த்துக் கொடு' என்று வித்தியாசத்தைச் சொல்வார். எல்லோரும் தொப்பிக்குள் கையை விட்டு, சம்மதமா இல்லையா என்பதைக் கையை விரித்தோ மூடியோ காட்டுவார்கள். 'தொப்பியில் கை' என்று பொருள்படும் சொற்றொடரே ஹேண்டிகேப் ஆயிற்று. அங்கிருந்து குதிரைப் பந்தயத்துக்கும், பிறகு கோல்ஃபுக்கும் வந்தது. உடற்குறையைக் குறிக்க ஆங்கிலத்தில் இச்சொல் பயன்பட்டது அதற்கும் பிந்திய வழக்கு.

எனவே இச்சொல்லின் வேரில் இருப்பது இரக்கம் அன்று. இரண்டு பொருளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை நடுநிலையோடு அளந்து, அதை ஈடுகட்டி, இருவரும் சம்மதிக்கும்படி செய்வதே அதன் பொருள்.

எண்ணும் முறைகள்

கோல்ஃபில் எண்ணிக்கை வைக்கும் முறைகள் மூன்று முதன்மையானவை.

முதலாவது, மொத்த அடிகளை எண்ணும் முறை. ஒரு பழகிய கை 76 அடியில் சுற்றை முடிக்கிறார். அவருடைய ஹேண்டிகேப் 4. ஒரு புதிய கை 85 அடியில் முடிக்கிறார். அவருடைய ஹேண்டிகேப் 15. கழித்துப் பார்த்தால் முன்னவரின் நிகர எண் 72, பின்னவருடையது 70. புதிய கையே வென்றவர். அவர் ஒப்புக்கு ஆடியவர் அல்லர், உண்மையாகவே வென்றவர்.

இரண்டாவது, குழிக்குக் குழி வெற்றி தோல்வி காணும் நேர்மோதல் முறை. 18 குழிகளும் கடுமை வரிசையில் 1 முதல் 18 வரை எண்ணிடப்பட்டிருக்கும். இருவரின் ஹேண்டிகேப்புக்கும் வித்தியாசம் 5 என்றால், மிகக் கடினமான 5 குழிகளில் எளியவருக்கு ஒவ்வோர் அடி தள்ளுபடி கிடைக்கும். சலுகை எங்கே தேவையோ அங்கே போய்ச் சேருகிறது என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்னும் மருத்துவர் கண்ட புள்ளி முறை. 1932இல் இங்கிலாந்தின் வாலசி கழகத்தில் நடைமுறைக்கு வந்த வடிவமே இன்று பரவியிருப்பது. தள்ளுபடி போக நிகரமாகப் பார் எடுத்தால் 2 புள்ளி, பர்டிக்கு 3, ஈகிளுக்கு 4, போகிக்கு 1. இரண்டு அடியோ அதற்கு மேலோ கூடினால் புள்ளி இல்லை. ஒரு குழியில் சறுக்கியவர் அந்தக் குழியின் புள்ளியை மட்டும் இழந்து, அடுத்த குழிக்குத் தெம்போடு போகலாம். 18 குழிக்கும் 36 புள்ளி எடுத்தால், தம் ஹேண்டிகேப்புக்குச் சரியாக ஆடினார் என்று பொருள்.

மொத்த அடிகளை எண்ணும் முறையிலும் புள்ளி முறையிலும் எண்ணிக்கை எழுதும் அட்டையில் ஆட்டக்காரரும், உடன் ஆடி எண்ணிக்கை குறித்தவரும் கையெழுத்திட வேண்டும். இதில் கண்டிப்பு மிகுதி. 1968 ஏப்ரலில் அமெரிக்காவின் அகஸ்டாவில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினா வீரர் ராபர்டோ டி விசென்சோ 17ஆம் குழியை 3 அடியில் முடித்தார். எண்ணிக்கை குறித்தவர் 4 என்று எழுதிவிட்டார். விசென்சோ அதைச் சரிபார்க்காமல் கையெழுத்திட்டார். விதிப்படி அந்த 4 தான் நின்றது. சமன் ஆகி மறுநாள் மீண்டும் மோத வேண்டியவர், ஓர் அடியில் பட்டத்தை இழந்தார். அன்று அவருக்கு 45ஆம் பிறந்த நாள். விடைத்தாளைக் கொடுக்கும் முன் ஒருமுறை பார்க்கச் சொல்லும் நம் ஆசிரியர்களுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சிறந்த எட்டு

ஹேண்டிகேப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? உலகில் 6 வெவ்வேறு முறைகள் இருந்தன. அவற்றை ஒன்றாக்கி 2020 சனவரியில் உலகப் பொது முறை நடைமுறைக்கு வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் 54 என்பதே அதில் உச்ச வரம்பு. முதன்முதல் எண் பெறுவதற்கு 54 குழிகள், அதாவது 3 முழுச் சுற்றுகள் ஆடிக் காட்டினால் போதும்.

பழகிய ஆட்டக்காரராயின், கடைசி 20 சுற்றுகளை எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வித்தியாச எண் உண்டு. அவற்றுள் சிறந்த 8 எண்களின் சராசரியே ஹேண்டிகேப் குறியீடு. நம் கல்லூரிகளில் மூன்று அகத்தேர்வுகளுள் சிறந்த இரண்டை எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை இதனோடு ஒப்பிடலாம்.

இங்கே ஒரு சிறு கணக்கைக் காண்போம். அ என்பவரின் 20 சுற்றுகளிலும் வித்தியாச எண் 20. ஆ என்பவருக்கு 10 சுற்றுகளில் 15, மற்ற 10 சுற்றுகளில் 25. இருவரின் சராசரியும் 20 தான். ஆனால் சிறந்த எட்டை மட்டும் எடுத்தால் அ என்பவரின் குறியீடு 20. ஆ என்பவருடையது 15. காரணம் என்ன? ஆ என்பவரால் 15 எடுக்க முடியும் என்று பத்து முறை நிரூபணம் ஆகியிருக்கிறது. ஒருவர் வழக்கமாக என்ன செய்கிறார் என்பதைக் காட்டிலும், அவரால் என்ன செய்ய முடியும் என்பதையே இம்முறை அளக்கிறது. அதனால்தான் தம் ஹேண்டிகேப்புக்கு ஏற்ப ஆடுவது ஒருவருக்கு நான்கைந்து முறைக்கு ஒருமுறைதான் வாய்க்கும். சலுகை என்று பெயர் இருந்தாலும் அது கண்டிப்பான சலுகை.

களத்தின் கடுமை

இனி வருவதே இக்கணக்கின் உயிர்நிலை என்பது என் கருத்து.

எல்லாக் களமும் ஒன்றல்ல. கடினமான களத்தில் எடுத்த 97ம் எளிய களத்தில் எடுத்த 97ம் ஒன்றாகுமா? ஆகாது. அதற்காக ஒவ்வொரு களத்துக்கும் முன்கூட்டியே மதிப்பீடு செய்கிறார்கள். மதிப்பிடுவோர் இரண்டு ஆட்டக்காரர்களைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். ஒருவர் ஹேண்டிகேப் 0 உள்ள வல்லவர். ஆண்களில் அவருடைய முதல் அடி 250 கெஜம் போகும். மற்றவர் ஏறக்குறைய 20 உள்ள சாதாரணர். அவருடைய அடி 200 கெஜம் போகும். அக்களத்தில் இவர் எத்தனை எடுப்பார், அவர் எத்தனை எடுப்பார் என்று தனித்தனியே கணிக்கிறார்கள். வல்லவருக்குக் கணித்த எண்ணே களத்தின் தர எண்.

அடிக்கும் இடத்திலிருந்து 220 கெஜ தூரத்தில் ஒரு குளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வல்லவருக்கு அப்படி ஒரு குளம் இருப்பதே தெரியாது. பந்து மேலே பறந்து கடந்துவிடும். சாதாரணருக்கோ அந்தக் குளம்தான் ஆட்டமே. களம் கடினமாக ஆக, இருவருக்கும் பாடு கூடும். ஆனால் ஒரே அளவில் கூடாது. எளியவருக்கு அதிகமாகக் கூடும்.

இந்த உண்மையை எண்ணாக்கியதுதான் 'ஸ்லோப்', அதாவது சரிவு எண். கணிதத்தில் கோட்டின் சரிவு என்று நாம் படிப்பதும் இதுவே. இருவரின் கணிப்புக்கும் உள்ள இடைவெளியை ஆண்களுக்கு 5.381 ஆலும் பெண்களுக்கு 4.24 ஆலும் பெருக்க வேண்டும். சராசரிக் களத்தில் ஆண்களுக்கு இடைவெளி 21, பெருக்கினால் 113. இதுவே நடுநிலை எண். கடினமான களத்தில் இடைவெளி 25 ஆனால் சரிவு எண் 135. மிகக் குறைந்தது 55, மிக உயர்ந்தது 155.

ஒரு சுற்றின் வித்தியாச எண்ணைக் காண, எடுத்த அடிகளிலிருந்து களத்தின் தர எண்ணைக் கழித்து, 113ஆல் பெருக்கி, சரிவு எண்ணால் வகுக்க வேண்டும். தர எண் 70 உள்ள இரு களங்கள். ஒன்றின் சரிவு 113, மற்றதின் சரிவு 135. இரண்டிலும் 97 அடி எடுத்தால், முதற் களத்தில் வித்தியாசம் 27.0, இரண்டாவதில் 22.6. எடுத்த எண் ஒன்றே, மதிப்பு வேறு. கடுமையான களத்தில் எடுத்த 97 உயர்ந்தது என்று கணக்கு ஒப்புக்கொள்கிறது.

திரும்பவும் பாருங்கள். குறியீடு 2 உள்ளவரும் 20 உள்ளவரும் நடுநிலைக் களத்தில் ஆடினால் வித்தியாசம் 18 அடி. தர எண்ணும் பாரும் சமமாக உள்ள, சரிவு 135 கொண்ட களத்தில் முன்னவருக்கு 2, பின்னவருக்கு 24. வித்தியாசம் 22 ஆகிவிடுகிறது. களம் எவ்வளவு கடுமையோ அவ்வளவு ஈடு.

ஏமாற்றுக்குக் கடிவாளம்

சலுகை இருக்குமிடத்தில் அதைத் தவறாகப் பயன்படுத்துவோரும் இருப்பர். வேண்டுமென்றே மோசமாக ஆடி ஹேண்டிகேப்பை உயர்த்திக்கொண்டு, பரிசு உள்ள நாளில் நன்றாக ஆடுபவர் எல்லா நாட்டிலும் உண்டு. அதற்கும் கணக்கிலேயே கடிவாளம் இருக்கிறது. சிறந்த எட்டை மட்டும் எடுப்பதால், கெட்ட சுற்றுகள் தாமே உதிர்ந்துவிடும். ஒரு குழியில் எத்தனை அடி எடுத்தாலும், குறியீட்டுக் கணக்கில் பாருக்கு மேல் 2, அதனோடு அக்குழிக்குரிய தள்ளுபடி, அதற்கு மேல் சேராது. பார் 4 குழியில் ஓர் அடி தள்ளுபடி உள்ளவர் 10 அடித்தாலும் 7 என்றே எழுதப்படும். ஒரு குழியில் நேர்ந்த விபத்து ஒருவரின் முழுக் கணக்கையும் கெடுக்காமல் இருப்பதும் இதன் நன்மை. ஓராண்டில் இருந்த தாழ்ந்த எண்ணைவிடக் குறியீடு 3க்கு மேல் உயர்ந்தால் மேற்கொண்டு உயர்வதில் பாதிதான் சேரும்; 5க்கு மேல் உயரவே முடியாது. ஆனால் இறங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை.

தேசியப் போட்டிகள்

கழகங்களின் வாராந்திரப் போட்டிகளில்தான் இந்தத் தள்ளுபடி எல்லாம். தேசியப் பட்டத்துக்கான மேடையில் ஹேண்டிகேப் கழிக்கப்படுவதில்லை. அங்கே நுழைவதற்கான தகுதியைக் காட்டும் சீட்டாக மட்டும் அது பயன்படும். உள்ளே சென்றபின் எல்லோரும் 0.

அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கான அகில இந்தியப் போட்டி கல்கத்தாவில் 1892இல் தொடங்கியது. முதலில் மொத்த அடிகளை எண்ணும் தகுதிச் சுற்றும், பிறகு நேர்மோதலும் நடப்பது அதன் மரபு. 1955இல் இந்தியன் கோல்ஃப் யூனியன் அமைந்தது. தொழில்முறை வீரர்களும் அமெச்சூர்களும் கலந்து ஆடும் இந்தியன் ஓப்பன் போட்டி 1964இல் டில்லியில் தொடங்கியது. ஆஸ்திரேலிய வீரர் பீட்டர் தாம்சன் வென்றார். மறு ஆண்டே பி. ஜி. சேத்தி என்னும் இந்திய அமெச்சூர் வென்று வியப்பூட்டினார். 1982 டில்லி ஆசிய விளையாட்டில் கோல்ஃப் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது லட்சுமண் சிங் தனிநபர் தங்கம் வென்றார். அணித் தங்கமும் இந்தியாவுக்கே. 2006இல் இந்தியத் தொழில்முறைக் கோல்ஃப் சுற்று அமைந்தபின் வீரர்களுக்கு ஆண்டு முழுவதும் போட்டிகள் கிடைக்கத் தொடங்கின. அச்சுற்றின் பட்டங்களை வென்றவர்களுள் இலங்கையின் என். தங்கராஜாவும் ஒருவர்.

பெங்களூரு வீராங்கனை அதிதி அசோக், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 67, 66, 68, 68 என ஆடி 269 அடிகள் எடுத்தார். தங்கம் வென்ற அமெரிக்கரின் எண் 267. அடுத்த இருவரும் 268. ஓர் அடி குறைந்ததால் நம் வீராங்கனைக்கு நான்காம் இடம். நான்கு நாள், 72 குழிகள், ஓர் அடி! 2016 ரியோவில் அவருடைய தந்தையாரும் டோக்கியோவில் தாயாரும் மட்டைப் பையைச் சுமந்து உடன் நடந்தார்கள். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்று, இவ்வாட்டத்தில் ஆசியப் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார்.

பை சுமந்தவர்கள்

மட்டைப் பையைச் சுமந்து உடன் செல்பவரைக் 'கேடி' என்பர். நம் ஊரில் இச்சொல்லைக் கேட்டால் காவல் நிலையம்தான் நினைவுக்கு வரும். கோல்ஃபில் கேடி என்பவர் காற்றின் போக்கும் புல்லின் சாய்வும் அறிந்து ஆட்டக்காரருக்கு யோசனை சொல்பவர். களத்தை அவரளவுக்கு அறிந்தவர் வேறு இலர். ஆயினும் அவர் கூலிக்கு வந்தவர்.

இக்கூலிக்காரர்களிடமிருந்தே நம் நாட்டின் பெரும் வீரர்கள் சிலர் எழுந்தார்கள். டில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவரே. 1993இலும் வென்றார். பெங்களூருவில் கேடியாகத் தொடங்கிய சின்னசாமி முனியப்பா 2009இல் அதே பட்டத்தைக் கைப்பற்றினார். கல்கத்தாக் கழகத்தில் புல்வெளி பராமரித்த தொழிலாளியின் மகன் எஸ். எஸ். பி. சௌராசியா 2016, 2017 ஆகிய இரண்டாண்டும் தொடர்ந்து வென்றார்.

இங்கேதான் கணக்கின் எல்லையும் தெரிகிறது. களத்தில் உள்ள குளத்தை ஹேண்டிகேப் எண்ணும், மணற்பள்ளத்தை எண்ணும். களத்தின் வாயிலில் உள்ள தடையை அது எண்ணாது. பந்தும் மட்டையும் உறுப்பினர் சீட்டும் இல்லாத பிள்ளைக்கு எந்தக் குறியீடும் இல்லை. 20 சுற்று ஆடினால்தானே சிறந்த எட்டை எடுக்க முடியும்? முதற்சுற்றுக்கே வழியில்லாதவரை எந்த நீதியான கணக்கும் காப்பாற்றாது. அலி ஷேரும் முனியப்பாவும் சௌராசியாவும் வென்றது அவர்களுடைய திறமையால் மட்டும் அன்று. வேலையின் பேரிலாவது வாயிலுக்கு உள்ளே கால் வைக்க முடிந்ததாலும்தான்.

முடிவுரை

என் குடும்பத்தில் பட்டப் படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். என் தந்தையார் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்ட் முடித்து அவர் உறங்கும் அதே அறையில்தான் பகலில் படிப்பும். எங்கள் பகுதியில் பல வீடுகளில் இதுவே நிலை. வினாத்தாள் கடினமாக வந்தால், அமைதியான வீட்டில் வழிகாட்ட ஆளோடு படித்தவருக்குச் சில மதிப்பெண் குறையும். தட்டுத் தடுமாறிப் படித்தவருக்கு அதைப்போல் பல மடங்கு குறையும். குளத்தைப் பற்றிச் சொன்னேனே, அதே கதைதான். இருவர் வாங்கிய 60ம் தாளில் ஒன்றாகவே தெரியும். சரிவு எண்ணைப் போட்டுப் பார்ப்பவர் யார்?

முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகையைத் தமிழக அரசு 2010இல் கொண்டுவந்தது. 'சலுகையில் வந்தவர்கள்' என்று சிலர் இளக்காரமாகப் பேசுவதைக் கேட்கிறோம். அவர்களுக்கு இந்த ஆட்டத்தின் கணக்கையே விடையாகச் சொல்லலாம். செல்வமும் செல்வாக்கும் மிகுந்தவர்கள் தங்களுக்குள் ஆடும் ஆட்டத்தில் ஹேண்டிகேப் வாங்க வெட்கப்படுவதில்லை. வாங்கி வென்ற கோப்பையை வீட்டு அலமாரியில் வைக்கவும் தயங்குவதில்லை. களத்தின் கடுமையை எண்ணுவது அவர்களுக்கு நீதியென்றால், நமக்கும் அது நீதியே.

மறுபுறம், இக்கணக்கு நமக்கும் ஒன்றைச் சொல்கிறது. ஹேண்டிகேப் எண் சேர்த்து வைத்துக்கொள்ளும் சொத்து அன்று. எந்தக் கோல்ஃப் ஆட்டக்காரரும் 'என் எண் உயர்ந்தது' என்று பெருமை பேசமாட்டார்; 24 இலிருந்து 18க்கு வந்தேன், 18 இலிருந்து 12க்கு வந்தேன் என்றே பேசுவார். தேசிய மேடையில் தள்ளுபடி இல்லை என்பதை அவர் அறிவார். வேலைக்கான போட்டித் தேர்வில் நாம் எழுதப்போகும் தாளிலும் வினாக்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த நாளுக்குள் நம் எண்ணைக் குறைத்துக்கொள்வது நம் கடமை. குறைப்பதற்கு வேண்டிய சுற்றுகளை ஆடக் களத்தைத் திறந்து வைப்பது சமுதாயத்தின் கடமை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி விளையாட்டு விழாவில் இறகுப்பந்து, வளையம் எறிதல் போன்ற ஏதேனும் ஓர் ஆட்டத்திலாவது, ஆண்டு முழுவதும் எண்ணிக்கை குறித்து வைத்து, சிறந்த சிலவற்றின் சராசரியைக் கொண்டு ஹேண்டிகேப் போட்டி ஒன்றை நடத்திப் பார்க்கலாம். உடற்கல்வித் துறையும் கணிதத் துறையும் கைகோத்தால் செலவின்றி நடக்கும் காரியம் இது. ஒரு நோட்டுப் புத்தகமும் நேர்மையாகக் குறிக்கும் ஒரு கையும் போதும். இதுவரை ஓரத்தில் நின்று கைதட்டிய நண்பர்கள் பலர் அன்று களத்தில் இறங்குவார்கள். அவர்கள் எடுக்கும் எண்ணும் கணக்கில் சேரும்.